மெக்சிகோவில் முதல் ஆண்டு: திருவிழாக்களில் பங்குகொள்ள ஒரு வழிகாட்டி

வேலைக்காகவோ மேற்படிப்புக்காகவோ மெக்சிகோவுக்கு வந்து சேருபவர், ஸ்பானிய மொழியில் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசக் கற்பதற்கு முன்பே அந்நாட்டுத் திருவிழாக்களுக்குள் போய் விழுந்துவிடுகிறார். அக்டோபர் இறுதியில் ஒரு நாள் காலை, அலுவலக வரவேற்பறை மேசையில் ஆரஞ்சு நிறப் பூக்களும், சர்க்கரையில் செய்த மண்டையோடுகளும், மறைந்துபோன ஊழியர் ஒருவரின் புகைப்படமும் இருக்கும். ஜனவரியில் அதே மேசையில் நீள்வட்டமான ரொட்டி ஒன்றை வைத்து, நீங்களே வெட்டுங்கள் என்று கத்தியைக் கையில் கொடுப்பார்கள். என்ன, ஏன் என்று யாரும் விளக்குவதில்லை. சிறுவயதிலிருந்தே தெரிந்த சங்கதி என்பதால், விளக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றுவதே இல்லை.

நான் கவனித்த வரையில், இந்தத் திருவிழாக்களுக்கெல்லாம் அடியில் ஓடுவது 'கொம்ப்ரோமீசோ' என்று அவர்கள் சொல்லும் கடப்பாடு. உயிரோடிருப்பவர் இறந்தவருக்கு உணவு படைக்கக் கடமைப்பட்டவர். வீட்டுக்காரர் கதவைத் தட்டுபவருக்கு இடம் கொடுக்கக் கடமைப்பட்டவர். ரொட்டியில் பொம்மை கிடைத்தவர் அடுத்த மாதம் எல்லோருக்கும் விருந்து வைக்கக் கடமைப்பட்டவர். ஆகவே புதியவர் ஒவ்வொரு விழாவிலும் கேட்டுக்கொள்ள வேண்டியது, இதில் என் பங்கு என்ன என்பதுதான். அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

முதற்படி: விடுமுறைப் பட்டியலும் விழாப் பட்டியலும் வேறு வேறு

மெக்சிகோவின் கூட்டாட்சித் தொழிலாளர் சட்டத்தின் 74-ஆவது பிரிவு, ஆண்டுதோறும் வரும், ஊதியத்துடன் கூடிய கட்டாய விடுமுறைகளைப் பட்டியலிடுகிறது: ஜனவரி 1, பிப்ரவரியின் முதல் திங்கள், மார்ச்சின் மூன்றாம் திங்கள், மே 1, செப்டம்பர் 16, நவம்பரின் மூன்றாம் திங்கள், டிசம்பர் 25. அரசியலமைப்பு நாள், நாட்டின் முன்னாள் தலைவர் பெனித்தோ ஹுவாரெஸின் பிறந்தநாள், 1910-இன் புரட்சி நாள் ஆகிய மூன்றும் திங்களுக்கு நகர்த்தப்பட்டவை. இப்படி வார இறுதியோடு ஒட்டி வரும் விடுமுறையைப் 'புவெந்தே', அதாவது பாலம், என்பார்கள். கட்டாய விடுமுறையன்று வேலை செய்ய நேர்ந்தால், வழக்கமான நாள் ஊதியத்துடன் அதன் இருமடங்கும் சேர்த்துப் பெற உங்களுக்கு உரிமை உண்டு.

மக்கள் மனத்தில் மிகப் பெரியவையான நவம்பர் 2 (இறந்தோர் நாள்), டிசம்பர் 12 (குவாதலூப்பே அன்னையின் நாள்) ஆகிய இரண்டும் இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள். அந்நாட்களில் வங்கிகள் மூடியிருக்கும். உங்கள் நிறுவனம் விடுமுறை தருமா, அரைநாள் தருமா என்பது அந்நிறுவனத்தின் வழக்கத்தைப் பொறுத்தது. புனித வாரத்தின் வியாழனும் வெள்ளியும் அப்படித்தான். ஆகவே சேர்ந்த முதல் மாதத்திலேயே பணியாளர் பிரிவில் இதைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. கேட்கும்போதே 'அகினால்தோ' எனப்படும் ஆண்டிறுதி ஊக்கத்தொகையைப் பற்றியும் கேளுங்கள். குறைந்தது 15 நாள் ஊதியத்தை டிசம்பர் 20-க்கு முன்பாகத் தர வேண்டும் என்பது சட்டம். விழாச் செலவு முழுவதும் அந்தத் தொகையை நம்பித்தான் நடக்கிறது. அது கரைந்தபின் வரும் வறட்சிக்கு 'ஜனவரி மேடு' என்று பெயரே வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். மே 5 மெக்சிகோவின் சுதந்திர நாள் அன்று. அது 1862-இல் புவெப்லா நகருக்கு வெளியே ஜெனரல் இக்னாசியோ சரகோசாவின் படை பிரெஞ்சுப் படையை வென்ற நாள். புவெப்லாவில் அணிவகுப்பு நடக்கும், மற்ற ஊர்களில் பெரும்பாலும் வழக்கமான வேலைநாள்தான். அந்நாளைப் பெரிதாகக் கொண்டாடுவது அமெரிக்கா. சுதந்திரப் போராட்டத்தின் தொடக்கம், 1810 செப்டம்பர் 16 அதிகாலையில் தோலோரெஸ் என்னும் ஊரில் மிகேல் இதால்கோ பாதிரியார் மணியடித்து மக்களை எழுப்பிய நிகழ்வு. அதை நினைவுகூர்ந்து செப்டம்பர் 15 இரவு, தேசிய மாளிகையின் மாடத்திலிருந்து நாட்டின் தலைவர் அதே மணியை அடித்து முழக்கமிடுவார். கூட்டம் 'விவா' என்று திருப்பி முழங்கும். தலைநகரின் சோக்கலோ சதுக்கத்தில் நெரிசலில் நிற்பதைவிட, ஏதேனும் சிற்றூரின் சதுக்கத்துக்குச் செல்வதையே நான் பரிந்துரைப்பேன். அங்கும் ஊர்த் தலைவர் முழக்கமிடுவார், பக்கத்தில் பொசோலே என்னும் மக்காச்சோளக் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும், வீடு திரும்ப வண்டியும் கிடைக்கும்.

இரண்டாம் படி: ஒஃப்ரெண்டா அமைப்பது

இறந்தோர் நாளுக்கு 'ஒஃப்ரெண்டா' என்னும் அஞ்சலி மேசை அமைப்பது புதியவரும் தம் வீட்டிலேயே செய்யக்கூடியது. யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள், அண்டை வீட்டார் மகிழ்வார்கள். தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர்கள் நவம்பர் 2-இல் கல்லறைத் திருநாளாகக் கடைப்பிடிப்பதும் இதே நாளைத்தான். மெக்சிகோவில் நவம்பர் 1 குழந்தைகளாக இறந்தவர்களுக்கும், 2 பெரியவர்களுக்கும் உரியதாகக் கருதப்படுகிறது. பல ஊர்களில் முந்தைய சில நாட்களும் இதில் சேரும். யுனெஸ்கோ 2008-இல் இதை மனிதகுலத்தின் தொட்டறியா மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

அக்டோபர் கடைசி வாரத்தில் சந்தைக்குச் செல்லுங்கள். தலைநகரில் இருந்தால் ஹமைக்கா பூச்சந்தையே போதும். முதலில் வாங்க வேண்டியது செம்பாசூச்சில் பூ. நம் ஊரில் செண்டுமல்லி, துலுக்கச் சாமந்தி என்று மாலை கட்டுகிறோமே, அதுதான். அதன் தாயகமே மெக்சிகோ. நாவாட்டில் என்னும் பழங்குடி மொழியில் 'இருபது பூ' என்று பொருள்படும் பெயர் அது, இதழ்களின் மிகுதியால் வந்தது. மாலையாகக் கட்டத் தேவையில்லை. இதழ்களை உதிர்த்து, வாசற்படியிலிருந்து மேசை வரை ஒரு கோடாகத் தூவுவார்கள். அந்த நிறத்தையும் மணத்தையும் பிடித்துக்கொண்டு இறந்தவர் வழி கண்டு வருவார் என்பது நம்பிக்கை. இதழ்களை நவம்பர் 1-க்கு முந்தைய மாலையில் உதிர்த்தால் போதும்; முன்கூட்டித் தூவினால் வாடிக் கறுத்துவிடும்.

மேசையை இரண்டு அடுக்காகவோ மூன்று அடுக்காகவோ அமைக்கலாம்; சில வீடுகளில் ஏழு அடுக்கு வைப்பதும் உண்டு. இரண்டு என்றால் வானும் மண்ணும். அட்டைப்பெட்டிகளை அடுக்கி மேலே துணி விரித்தாலே அடுக்கு வந்துவிடும். உச்சியில் புகைப்படம். அடுத்து, நெடும்பயணம் செய்து தாகத்தோடு வருபவருக்காக ஒரு குவளைத் தண்ணீர், தூய்மைக்காகச் சிறிது உப்பு, வழிகாட்ட மெழுகுவர்த்தி, இடத்தைத் தூய்மைப்படுத்தக் கோப்பால். கோப்பால் என்பது மரப்பிசின். சாம்பிராணி போலவே கங்கில் இட்டுப் புகைப்பது. சில வீடுகளில் கைகழுவ ஒரு கிண்ணமும் சவுக்காரமும் துண்டும்கூட வைப்பார்கள். வந்தவர் தூசியோடு சாப்பிட உட்காரலாமா?

விளிம்பில் தொங்கவிடும் துளையிட்ட வண்ணத்தாளுக்குப் 'பாப்பெல் பிக்காடோ' என்று பெயர். புவெப்லா மாநிலத்தின் சான் சல்வதோர் விஷ்கோலொத்லா என்னும் ஊர் இதற்குப் பேர்போனது. கத்தை கத்தையாகத் தாளை அடுக்கி உளியால் கொத்தி எடுக்கிறார்கள். அந்த மெல்லிய தாளை இன்றும் 'சீனத் தாள்' என்றே கடையில் கேட்க வேண்டும். இந்த மேசையைப் பொருள் பொருளாகப் பார்த்தாலே அந்நாட்டின் வரலாறு தெரியும்: பூவும் கோப்பாலும் மக்காச்சோளமும் இம்மண்ணுடையவை, கோதுமை ரொட்டியும் சர்க்கரையும் நவம்பர் முதல் இரு நாட்கள் என்னும் கணக்கும் ஸ்பானியரோடு வந்தவை, தாளின் பெயரில் ஆசியா ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'எல்லாம் ஆஸ்டெக் காலத்து வழக்கம்' என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உணவு வைப்பதில் கட்டாயப் பட்டியல் கிடையாது. 'பான் தே முவெர்த்தோ' என்னும் வட்ட ரொட்டி பெரும்பாலும் இருக்கும். மேலே எலும்பு வடிவில் மாவுக் கீற்றுகளும், ஆரஞ்சின் மணமும், சர்க்கரைத் தூவலும் கொண்டது. மற்றபடி இறந்தவருக்கு எது பிடிக்குமோ அதுதான் முறை. மோலே என்னும் மிளகாய்க் குழம்பு பிடித்தவருக்கு மோலே, பியர் குடித்தவருக்கு பியர், புகைத்தவருக்குச் சிகரெட். உங்கள் பாட்டிக்காக வைக்கிறீர்கள் என்றால் டிகாக்‌ஷன் காபியும் முறுக்கும் வைக்கலாம். என் வீட்டு மேசையில் அப்படி வைத்தபோது, பக்கத்து வீட்டு அம்மாள் முறுக்கைச் சுட்டி, அவருக்கு இனிப்பா காரமா பிடிக்கும் என்று நிகழ்காலத்திலேயே கேட்டார். விழா முடிந்தபின் உணவைக் குடும்பத்தினர் பகிர்ந்து உண்பார்கள். மணத்தையும் சாரத்தையும் வந்தவர் எடுத்துக்கொண்டுவிட்டார், மிச்சம் நமக்கு என்பது கணக்கு.

மண்டையோட்டு முகப்பூச்சு, பூந்தொப்பி வைத்த 'கத்ரீனா' உருவம் ஆகியவற்றை எங்கும் காண்பீர்கள். அகுவாஸ்காலியெந்தெஸில் பிறந்த ஹோசே குவாதலூப்பே பொசாதா (1852–1913) என்னும் அச்சுச் சித்திரக்காரர், தம் பழங்குடி வேரை மறைத்து ஐரோப்பிய நாகரிகம் காட்டியவர்களைக் கேலி செய்ய வரைந்த மண்டையோடு அது. முழு உடையணிவித்து இன்றைய தோற்றத்தைத் தந்தவர் ஓவியர் தியேகோ ரிவேரா, 1947-இல் வரைந்த ஒரு சுவரோவியத்தில். தலைநகரின் பிரம்மாண்ட அணிவகுப்போ மிகப் புதியது: 2015-இல் வந்த ஒரு ஜேம்ஸ் பாண்ட் படத்தின் தொடக்கக் காட்சியைப் பார்த்து 2016-இல் தொடங்கப்பட்டது. பார்க்க அழகானதுதான்; ஆனால் ஒரு நாள்தான் கையிலிருக்கிறது என்றால் அணிவகுப்பை விட்டுவிட்டுக் கல்லறைக்குச் செல்லுங்கள்.

மூன்றாம் படி: கல்லறைக்குச் செல்வது

மிச்சோவாக்கான் மாநிலத்தின் பாட்ஸ்குவாரோ ஏரியைச் சுற்றியுள்ள புரேபெச்சா மக்களின் ஊர்களில், நவம்பர் 1 இரவு முழுவதும் குடும்பங்கள் கல்லறையருகே மெழுகுவர்த்தி ஏற்றி விழித்திருக்கும். ஹனிட்சியோ தீவு புகழ்பெற்றது என்பதாலேயே படகுத்துறையில் கூட்டம் நெரியும். கரையிலுள்ள சிறு ஊர்கள் அமைதியானவை. தலைநகரத்துக்குள்ளேயே தெற்கே உள்ள மிஸ்கிக்கில் நவம்பர் 2 மாலை கல்லறை முழுவதும் ஒளி ஏற்றுவார்கள். யுகத்தானில் மாயா மக்கள் இதே நாட்களை 'ஹனால் பிஷான்', அதாவது ஆன்மாக்களின் உணவு, என்று அழைத்து, மண்ணில் குழி தோண்டிச் சுட்டெடுக்கும் பெரிய தமாலை, அதாவது மக்காச்சோள மாவுப் பொதியை, படைப்பார்கள்.

தங்கும் அறையை மாதங்களுக்கு முன்பே பதிவு செய்யுங்கள். பாட்ஸ்குவாரோ 2,000 மீட்டருக்கு மேல் உள்ள இடம். இரவில் குளிர் எலும்பைத் துளைக்கும், கம்பளிச் சட்டை வேண்டும். கையில் ஒரு கொத்துப் பூவும் இரண்டு மெழுகுவர்த்தியும் கொண்டுபோங்கள். கவனிப்பாரற்ற கல்லறை ஒவ்வோர் ஊரிலும் இருக்கும், அங்கே வைக்கலாம். படம் எடுப்பதற்குமுன் உட்கார்ந்திருப்பவரிடம் கேளுங்கள். மறுத்தால் கேமராவை உள்ளே வையுங்கள். முகப்பூச்சோடு நகர வீதியில் திரியலாம். ஒரு தாய் தன் குழந்தையின் கல்லறையருகே விழித்திருக்கும் இடத்தில் அது பொருந்தாது. யாரேனும் ஒரு குவளை ஆதோலே, அந்த மக்காச்சோளக் கஞ்சி, நீட்டினால் மறுக்காமல் வாங்கிக்கொண்டு, புதைக்கப்பட்டிருப்பவர் யார் என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை அவர்கள் விரும்புவார்கள்.

நான்காம் படி: டிசம்பரின் இரவுகள்

டிசம்பர் 12 குவாதலூப்பே அன்னையின் நாள். 1531 டிசம்பரில் தெபெயாக் குன்றில் ஹுவான் தியேகோ என்னும் பழங்குடியினருக்கு மரியன்னை காட்சி தந்து, அவர் மேலாடையில் தன் உருவத்தைப் பதித்துச் சென்றதாக நம்பிக்கை. ஹுவான் தியேகோவுக்கு 2002-இல் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது. இதால்கோ 1810-இல் கொடியாக ஏந்தியதும் இந்த அன்னையின் உருவத்தைத்தான். ஆகவே இது சமய விழாவாக இருக்கும் அதே அளவுக்கு நாட்டு விழாவும்கூட. 1976-இல் திறக்கப்பட்ட புதிய பசிலிக்காவில், அதாவது அன்னையின் பேராலயத்தில், அந்த மேலாடையின் கீழே நகரும் நடைமேடைகள் உண்டு. கூட்டம் நின்றுவிடாமல் நகர்த்த அதுவே வழி.

11-ஆம் தேதி இரவு பசிலிக்கா இருக்கும் பக்கம் வண்டி எடுத்துச் செல்லாதீர்கள். லட்சக்கணக்கான யாத்திரிகர்கள் நடந்தும், மிதிவண்டியிலும், படத்தை முதுகில் கட்டிக்கொண்டும் வருவார்கள். நெடுஞ்சாலை ஓரங்களிலும் அவர்கள் இருப்பார்கள் என்பதால் இரவில் மெதுவாக ஓட்டுங்கள். வழியெங்கும் உள்ளூர் மக்கள் தண்ணீர், ஆரஞ்சுப்பழம், ரொட்டி ஆகியவற்றை இலவசமாகக் கொடுப்பார்கள். ஒரு பெட்டி ஆரஞ்சை வாங்கிக்கொண்டு அந்த வரிசையில் நீங்களும் நிற்கலாம். எங்கே தங்கியிருந்தாலும் அன்றிரவு வெடிச்சத்தத்தில் தூக்கம் வராது.

16 முதல் 24 வரை ஒன்பது இரவுகள் பொசாதா. மரியாளும் சூசையும் தங்க இடம் தேடி அலைந்ததை நடித்துக் காட்டும் விழா இது. மெக்சிகோ மாநிலத்தின் அக்கோல்மானில் இருந்த அகுஸ்தீனியத் துறவிகள் 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிவைத்த வழிபாட்டிலிருந்து வளர்ந்தது. கூட்டம் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி தெருவில் மெழுகுவர்த்தியோடு நின்று இடம் கேட்டுப் பாட, மறுபாதி கதவுக்குப் பின்னால் நின்று மறுத்துப் பாடும். திருடனாக இருக்கலாம், போய்விடு என்றுகூடச் சொல்வார்கள். பாடல் வரிகளை அச்சிட்ட தாளைக் கையில் கொடுப்பார்கள். புதியவர் வெளியே நிற்கும் கூட்டத்தில் சேர்வதே நல்லது. அந்நிய ஊரில் கதவு திறக்கக் காத்திருக்கும் அந்த ஐந்து நிமிடம் உங்களுக்கு மற்ற எவரையும்விட நன்றாகப் புரியும்.

கதவு திறந்தபின், கயிற்றில் தொங்கவிட்டுக் கோலால் உடைக்கும் பின்யாத்தா. மரபுவழிப்பட்டது ஏழு கூம்புகள் கொண்டது. அவை ஏழு தலையான பாவங்கள், கண்ணைக் கட்டுவது நம்பிக்கை, உள்ளிருந்து கொட்டும் பழங்கள் அருள் என்று விளக்கம் சொல்வார்கள். நம் ஊர் உறியடி போலவே கயிற்றை ஒருவர் ஏற்றி இறக்கிப் போக்குக் காட்டுவார். கோல் வீச்சுக்கு மூன்றடி தள்ளி நில்லுங்கள். உடைந்ததும் குழந்தைகள் பாய்வார்கள். மண்பானை வைத்த பின்யாத்தாவாக இருந்தால் சில்லு குத்தும், ஆகவே கோலைப் பிடுங்கி வைத்தபிறகே உங்கள் குழந்தையை விடுங்கள். குடிக்கத் தருவது போன்ச்சே என்னும் சூடான பழநீர்: தெஹொகோத்தே என்னும் சிறு பழம், கொய்யா, கரும்புத் துண்டு, புளி, பட்டை, அச்சுவெல்லம் போன்ற கூம்பு வடிவ 'பிலொன்சீயோ'. 'கொன் பிக்கேத்தே' என்று கேட்டால் மது கலந்தது, 'சின்' என்றால் கலக்காதது. இந்த ஒரு சொல்லை மறக்க வேண்டாம். கையில் ஒரு பை வேர்க்கடலையோ ஆரஞ்சோ கொண்டுபோனால் உங்கள் பங்கு நிறைவேறிவிடும். அலுவலகத்தில் 'பொசாதா' என்று அழைப்பு வந்தால் அது பெரும்பாலும் இசையும் நடனமும் கொண்ட ஆண்டிறுதி விருந்து மட்டுமே. பாட்டுத் தாளை எதிர்பார்க்க வேண்டாம்.

புனித வாரத்தையும் இங்கே ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன்: தலைநகரின் இஸ்தப்பலாப்பாவில் 1843 முதல் நடந்துவரும் திருப்பாடுகளின் நாடகம், அதற்குப் பத்தாண்டு முன் பரவிய காலராவிலிருந்து தப்பியதற்காக ஊரார் நேர்ந்துகொண்டது, சென்று பார்க்க விரும்பினால் தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு காலையிலேயே இடம் பிடியுங்கள்.

ஐந்தாம் படி: ரொட்டியில் உள்ள பொம்மை

குவாதலூப்பே அன்னையின் நாளில் தொடங்கி ஜனவரி 6 வரை ஓடும் விருந்துகளை 'குவாதலூப்பே–ரேயெஸ் மாரத்தான்' என்று கேலியாகச் சொல்வார்கள். அதன் கடைசி நாள், குழந்தை இயேசுவைக் காண மூன்று அரசர்கள் வந்த திருநாள்; 'ரோஸ்கா தே ரேயெஸ்' என்னும் ரொட்டியை வெட்டும் நாள். மகுடம் போன்ற வளையம், மேலே சர்க்கரைப் பசையும் நிறநிறமான பழத்துண்டுகளும், உள்ளே விரலளவான வெள்ளைப் பிளாஸ்டிக் பொம்மைகள். ஏரோது மன்னனிடமிருந்து ஒளித்து வைக்கப்பட்ட குழந்தையின் உருவம் அது. தன் துண்டைத் தானே வெட்ட வேண்டும். பிறருக்காக வெட்டக் கூடாது. கத்தி இறங்கும்போது எல்லோருடைய கண்ணும் ரொட்டியின் வெட்டுப்பக்கத்தில் இருக்கும். வெள்ளையாக ஒரு சிறு கால் தெரிந்தால் கூச்சல்தான். கத்தியை அரை விரல் நகர்த்தித் தப்பப் பார்ப்பவர்கள் உண்டு. கிடைத்ததை வாயிலேயே அடக்கி, சட்டைப்பைக்கு மாற்றிவிடுபவர்களும் உண்டு.

எனக்கு முதல் ஆண்டிலேயே பொம்மை கிடைத்தது. அதிர்ஷ்டம் என்று எண்ணிப் பெருமையோடு எல்லோருக்கும் காட்டினேன். அவர்கள் கைதட்டியது எதற்கு என்று ஜனவரி இறுதியில்தான் தெரிந்தது. பொம்மை பெற்றவர் பிப்ரவரி 2, காந்தெலாரியா நாளன்று, அத்தனை பேருக்கும் தமாலெஸ் வாங்கித் தர வேண்டும். குழந்தை இயேசுவை ஆலயத்தில் காணிக்கையாக அளித்ததை நினைவுகூரும் நாள் அது. வீட்டில் வைத்திருக்கும் குழந்தை உருவத்துக்குப் புத்தாடை அணிவித்து, கையில் ஏந்தி ஆலயத்துக்கு எடுத்துச் செல்வார்கள். அந்த ஆடைகள் விற்கும் தெருக்களில் ஜனவரி முழுவதும் கூட்டமாக இருக்கும்.

தமாலெஸ் என்ற பெயர் காதில் தமிழ் போல ஒலித்தாலும் சம்பந்தம் ஏதுமில்லை. நாவாட்டில் சொல்லின் வழிவந்தது. மக்காச்சோள மாவுக்குள் பூரணம் வைத்து, மக்காச்சோள மடலிலோ வாழையிலையிலோ பொதிந்து, ஆவியில் வேகவைப்பது. ஆளுக்கு இரண்டு என்று கணக்கிட்டு, ஒரு வாரம் முன்பே சொல்லிவையுங்கள். அன்று காலை மூலைக்கு மூலை வரிசை நிற்கும். பச்சை மிளகாய்ச் சாறில் கோழி, சிவப்பு மிளகாயில் பன்றி, மிளகாய்க் கீற்றோடு பாலாடைக்கட்டி, இளஞ்சிவப்பான இனிப்பு என்று நான்கு வகையையும் கலந்து கேட்கலாம். சைவ உணவுக்காரர்கள் பாலாடைக்கட்டி வகையை நம்பி ஏமாந்துவிடக் கூடாது. மாவிலேயே பன்றிக்கொழுப்பு சேர்ப்பது வழக்கம். 'யேவா மந்தேக்கா?' என்று கேளுங்கள். இல்லாத வகையைச் சில கடைகளில் எண்ணெயில் செய்துதருவார்கள். கூடவே ஒரு பெரிய பாத்திரம் ஆதோலேயும் காகிதக் குவளைகளும் சொல்லிவிடுங்கள்.

செலவு அதிகம் என்றால் கவலை வேண்டாம். ஒரு ரொட்டியில் பொதுவாக ஒன்றுக்கு மேற்பட்ட பொம்மைகள் இருக்கும். கிடைத்தவர்கள் சேர்ந்து பகிர்ந்துகொள்வார்கள், பெறாதவர்களிலும் யாரேனும் ஆதோலேக்குக் காசு நீட்டுவார்கள். அன்று என்னோடு பொம்மை பெற்ற இன்னும் இருவர், விடியற்காலை ஆறரைக்கே கடைவாசலில் எனக்கு முன்னால் வரிசையில் நின்றிருந்தார்கள்.